கண்டெடுத்த காசும் கண்டுபிடித்த மலையும்

(மேட்டுப்பாளையத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாணவர்களிடம் ஒரு கேள்வி. ஊட்டியைக் கண்டுபிடித்தவர் யார்? போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்: ஜான் சல்லிவன், 1819. வேறு ஊரில் பிறந்த பிள்ளை இந்த விடையை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். மேட்டுப்பாளையத்துப் பிள்ளைக்கு அது உறுத்த வேண்டும். மழை விட்ட மறுநாள் காலையில் இந்த ஊரில் எந்த மொட்டை மாடியில் நின்று வடக்கே பார்த்தாலும் மலைதான் தெரிகிறது. வனபத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர் மலையைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார். இப்படி ஊருக்கே முகம் காட்டி நிற்கும் ஒன்றை ஒருவர் வந்து கண்டுபிடித்தார் என்றால், அவர் என்னதான் செய்தார்? இன்றைய பேச்சு முழுக்க அந்த ஒரு வினைச்சொல்லைப் பற்றியது.

ஆங்கிலத்தில் 'ஃபைண்ட்' என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது. தொலைந்த சாவி கிடைத்தால் அந்தச் சொல். கிணறு வெட்டும்போது காசுப் பானை அகப்பட்டால் அதே சொல். விசாரணை முடிந்து நீதிபதி ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு செய்தாலும், சமையல் பிடித்திருக்கிறது என்று விருந்தாளி சொன்னாலும் அதுதான். தெரியாததை ஆராய்ந்து தெரிந்துகொண்டால், பின்னால் 'அவுட்' என்று ஓர் ஒட்டுச் சேர்ந்துகொள்ளும். பக்கத்திலேயே 'டிஸ்கவர்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. மூடியிருந்ததைத் திறந்து காட்டுவது என்பது அதன் பழைய பொருள்.

நம் பேச்சில் இவை தனித்தனி. சாலையில் கிடந்த மோதிரத்தை எடுத்தவர் "கண்டெடுத்தேன்" என்பார்; கொங்குநாட்டுக்காரர் "கெடச்சுதுங்க" என்பார். திருடனைக் கண்டுபிடித்தார்கள் என்கிறோம். நோயின் காரணத்தைக் கண்டறிந்தார்கள் என்கிறோம். பேச்சில் இவ்வளவு கவனமாக இருக்கிற நாம் பாடநூல் எழுத உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டிவிட்டோம். அமெரிக்காவைக் கொலம்பஸ் கண்டுபிடித்தார், இந்தியாவுக்குக் கடல்வழியை வாஸ்கோடகாமா கண்டுபிடித்தார், தொலைபேசியைக் கிரகாம் பெல் கண்டுபிடித்தார், ஊட்டியைச் சல்லிவன் கண்டுபிடித்தார். இந்த நான்கில் தொலைபேசி ஒன்றுதான் முன்பு உலகத்தில் இல்லாத பொருள். வாஸ்கோடகாமாவின் கப்பல்களை 1498-ல் ஆப்பிரிக்கக் கரையின் மாலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர், அந்தக் கடலின் காற்றையும் போக்கையும் ஏற்கெனவே அறிந்திருந்த ஒரு வழிகாட்டி மாலுமி.

இனி நம் மலைக்கு வருகிறேன். இங்கே எனக்குக் கொஞ்சம் அதிக நேரம் வேண்டும்.

நீலமலையும் தொதவரும் எழுத்தில் வரும் மிகப் பழைய சான்று ஒரு கல்வெட்டு. சாமராஜநகரில் இருக்கிறது. ஆண்டு 1117. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் தொதவரை அஞ்ச வைத்ததையும், கொங்கரை ஒடுக்கியதையும், நீலமலையின் உச்சியைத் திருமகளுக்குக் காணிக்கையாக்கியதையும் அது பெருமையாகச் சொல்கிறது. போர்ப் பெருமையில் மிகை இருக்கும், அதை விட்டுவிடலாம். ஆனால் மலைக்கு ஒரு பெயர் இருந்தது, அதில் வாழ்ந்த மக்களுக்கு ஒரு பெயர் இருந்தது, அந்த இரண்டும் கீழே கல்லில் வெட்டுகிற அளவுக்குத் தெரிந்திருந்தன. சல்லிவன் மலையேறுவதற்கு 702 ஆண்டுகளுக்கு முன்பு இது.

இருநூறு ஆண்டு கழித்து அதே ஹொய்சளரின் இன்னொரு தண்டநாயகன், மாதவன், பவானியும் மோயாறும் கூடும் இடத்தில் இருந்துகொண்டு ஆள்கிறான். நீலகிரியை அடக்கியவன் என்ற பொருள்பட அவனுக்கு ஒரு பட்டமும் இருந்தது. தண்டநாயகன் கோட்டை என்பதுதான் ஊர் வாயில் டணாய்க்கன்கோட்டை ஆயிற்று. அந்தக் கோட்டையும் மாதவப் பெருமாள் கோயிலும் 1955-ல் முடிந்த கீழ்பவானி அணையின் நீருக்குள் போய்விட்டன. பவானிசாகரில் தண்ணீர் மிகவும் வற்றுகிற ஆண்டுகளில் கோயிலின் கற்கள் வெளியே தெரிகின்றன. உடனே செய்தித்தாளில் 'மூழ்கிய கோயில் வெளிப்பட்டது' என்று படம் வருகிறது. இந்த டணாய்க்கன்கோட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக் காலத்தில் மலையைக் 'கண்டுபிடிக்க'ப் போன வெள்ளைக்காரர் பலரும் அந்த ஊர் வழியாகத்தான் ஏறினார்கள். மலையை ஆண்டவன் எந்த வாசலில் உட்கார்ந்திருந்தானோ, அந்த வாசல் வழியாகவே போய் மலையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மேற்குப் பக்கத்திலிருந்தும் ஒருவர் வந்தார். யாக்கோமே ஃபெனிசியோ என்ற இத்தாலியப் பாதிரியார், 1603-ல் கோழிக்கோட்டிலிருந்து புறப்பட்டு மலையேறினார். தோமையாரின் பழைய கிறித்தவர்கள் அந்த மலையில் மறந்துபோய்க் கிடப்பதாக ஒரு பேச்சு. அவர்களைத் தேடித்தான் வந்தார். தேடிய கிறித்தவர்கள் கிடைக்கவில்லை. தொதவரையும் படுகரையும் பார்த்தார். அவர்களுடைய எருமைகளைப் பற்றியும் பூசை முறைகளைப் பற்றியும் கேட்டறிந்து போர்த்துக்கீசிய மொழியில் எழுதி அனுப்பினார். அந்த அறிக்கையை டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் தொதவரைப் பற்றி 1906-ல் வெளியிட்ட பெரிய நூலில் ஆங்கிலத்தில் சேர்த்திருக்கிறார். எனக்கு ஃபெனிசியோவிடம் பிடித்தது ஒன்று உண்டு. தான் தேடிவந்தது அங்கே இல்லை என்பதை மறைக்காமல் எழுதினார். தேடியது இல்லையென்றானபோது, எதிரே இருந்த மனிதர்களைப் பார்த்தார்.

மலைக்காரர்கள் தங்கள் நாட்டை எப்படிப் பிரித்து வைத்திருந்தார்கள்? தொதநாடு, மேக்குநாடு, பொறங்காடு, குந்தெ என்று நான்கு சீமைகள். இன்றும் படுகர் தங்கள் ஊரைச் சொல்லும்போது சீமையைச் சேர்த்துச் சொல்வார்கள். இரும்பும் மண்ணும் மரமும் கோத்தர் கையில், எருமைப் பால் தொதவரிடம், தானியம் படுகரிடம், தேனும் மருந்தும் காவலும் குறும்பரிடம். சரிவுகளில் இருளர். கோத்தகிரி என்ற பெயரே கோத்தர் குடியிருந்த கேரியின் பெயர். ஓர் ஊரின் பெயரைக் கேட்டாலே அங்கே யார் முன்னால் இருந்தார்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் கோயமுத்தூர்ச் சீமையோடு இந்த மலையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. வரிக் கணக்கில் மலை கீழே டணாய்க்கன்கோட்டையோடு சேர்ந்திருந்தது. நான் அழுத்திச் சொல்ல விரும்புகிற இடம் இதுதான். மலையிலிருந்து தீர்வை வந்துகொண்டிருந்தது. கணக்குப் பிள்ளையின் ஏட்டில் மலை இருந்தது. வரி வசூலித்துக்கொண்டிருந்த இடத்தை அதற்கு இருபது ஆண்டு கழித்துக் கண்டுபிடித்தார்கள்!

அடுத்த ஆண்டே, 1800-ல், பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் வந்தார். மைசூர், கன்னடம், மலபார் பகுதிகளைச் சுற்றிப் பார்த்து எழுதும்படி கம்பெனி அனுப்பிய ஆள். டணாய்க்கன்கோட்டையில் தங்கி, மலையின் கீழ்ச் சரிவில் ஏறி, இருளரைச் சந்தித்தார். மேல்மட்டத்துக்குப் போகவில்லை. 1812-ல் கோயமுத்தூர்க் கலெக்டர் காரோ, வில்லியம் கீஸ் என்ற சர்வேயரையும் அவரிடம் தொழில் பழகிய மக்மேகன் என்பவரையும் அனுப்பினார். அவர்கள் தேனாடு வழியாக ஏறி, ஊர்களையும் நாட்டுப் பிரிவுகளையும் எழுதி அறிக்கை கொடுத்தார்கள். அறிக்கை கச்சேரிக் கட்டுகளுக்குள் போய்விட்டது. இன்று போட்டித் தேர்வு எதிலும் கீஸ் பெயர் வருவதில்லை.

1818-ல், அப்போது கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த சல்லிவனின் உதவியாளர்கள் இருவர், விஷ், கிண்டர்ஸ்லி, மேலே போனார்கள். எதற்காகப் போனார்கள் என்பதில் இரண்டு கதை உண்டு. வேட்டைக்குப் போனார்கள் என்பது ஒன்று. புகையிலை கடத்திய ஆளைத் துரத்திக்கொண்டு போனார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவது கதை உண்மையானால், அதற்குள் ஒரு சாட்சி ஒளிந்திருக்கிறது. துரத்தியவருக்குத்தான் அது புதிய கணவாய். ஓடியவர் தலைச்சுமையோடு அந்த வழியில் பலமுறை போய்வந்தவராக இருந்திருக்க வேண்டும். வழியைத் தெரிந்தவர் முன்னால் ஓட, வரலாற்றில் இடம் பிடித்தவர்கள் பின்னால் போயிருக்கிறார்கள்.

அவர்கள் திரும்பிவந்து குளிர்ந்த காற்றைப் பற்றிச் சொல்லக் கேட்டு, 1819 ஜனவரியில் சல்லிவன் ஏறினார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் திம்பட்டியில் தங்கினார். நோயில் நலிந்திருந்த லெஷனோ தெ லா தூர் என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் அதே ஆண்டு மேலே போய் உடல் தேறினார். அவர் எழுதிய கடிதம் மலையின் புகழைப் பரப்பியது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை வெட்டப்பட்டது. 1821 மார்ச்சில் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு வந்த கடிதத்தில் 'வோட்டோக்கிமண்ட்' என்று ஊட்டியின் பெயர் முதன்முறையாக அச்சில் வருகிறது. தொதவர் குடியிருப்பைக் குறிக்கும் மந்து என்ற சொல் அந்தப் பெயரின் வாலில் இருப்பதைக் கவனியுங்கள். சல்லிவன் ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்று தொதவரிடம் நிலம் வாங்கி, 1822-ல் கல் வீடு கட்டத் தொடங்கினார். உள்ளூரில் அது கல் பங்களா. பிறகு 1830-லிருந்து 1832-க்குள் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சாலை. 1873-ல் இந்த ஊருக்கு ரயில். 1899-ல் குன்னூர் வரை பல்சக்கர ரயில். மலையில் விளைந்த உருளைக்கிழங்கு இறங்கி இந்த ஊரில் மண்டிகள் பெருகிய கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சல்லிவன் செய்தது சிறிய காரியம் என்று நான் சொல்லவில்லை. அவர் ஒரு மலைநகரை உண்டாக்கினார். சாலை, ஏரி, புதுப் பயிர்கள் எல்லாவற்றிலும் அவர் கை இருக்கிறது. 'உதகை நகரை உருவாக்கியவர்' என்று பாடநூல் சொன்னால் அது நேர்மையான வாசகம். மலையைக் கண்டுபிடித்தவர் என்பது வேறு.

'சொல்லில் என்ன இருக்கிறது, பழகிப்போன ஒரு வினைச்சொல்தானே' என்று கேட்கலாம். அதற்குப் பதில் சொல்ல, மலையிலிருந்து இறங்கிச் சமவெளிக்கு வருகிறேன்.

கோயமுத்தூர்ச் சீமை மண்ணுக்குள் காசு வைத்திருக்கும் நாடு. சேரநாட்டுத் துறைமுகங்களிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே போன வணிகப் பாதை இதன் நடுவே ஓடியது. வழிநெடுக ரோமானியக் காசுகள் புதைந்து கிடந்தன. பொள்ளாச்சியில் ஒரு பானை நிறைய வெள்ளிக் காசு, அகஸ்டஸ், திபேரியஸ் முகம் பொறித்தவை, கிடைத்ததை மேலே சொன்ன புக்கானனே எழுதிவைத்திருக்கிறார். கோயமுத்தூரை ஒட்டிய வெள்ளலூரில் 1842-ஐ ஒட்டி 500-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பிறகும் அங்கே கிடைத்துக்கொண்டிருந்தன. உழும்போதும் குழி வெட்டும்போதும் இப்படிக் காசு கிளம்புகிற நாட்டில் அரசுக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. 1878-ல் இந்தியப் புதையல் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தை வாசித்துப் பாருங்கள், சிறிய சட்டம்தான். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையாவது மண்ணுக்குள் கண்டெடுத்தவர், என்ன கிடைத்தது, எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் தண்டனை. கலெக்டர் உடனே எடுத்துக்கொள்ள முடியாது. இதற்கு உரிமை கொண்டாடுகிறவர் யாராவது இருந்தால் வரலாம் என்று பொது அறிவிப்பு வெளியிட வேண்டும். நான்கு மாதத்துக்குக் குறையாத அவகாசம் கொடுக்க வேண்டும். நூறாண்டுக்குள் இதைப் புதைத்தவர் என் முன்னோர் என்று யாராவது சொன்னால், அவர் சிவில் நீதிமன்றத்துக்குப் போய் நிறுவ வழிவிட வேண்டும். உடையவர் இல்லை என்று முடிவான பிறகே கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு. இருவருக்கும் உடன்பாடு இல்லையென்றால் பொதுவாக முக்கால் பங்கு எடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. அருங்காட்சியகத்துக்கு என்று அரசே எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும்.

புதையலுக்கு மட்டும் இல்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிறர் பொருளைக் கண்டெடுத்தவர் அதை ஒப்படைப்பாகப் பெற்றவரைப் போலப் பாதுகாக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. 1860-ல் வந்த தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவு இன்னும் நுணுக்கமாகப் பேசுகிறது: சாலையில் யாருடையது என்று தெரியாமல் கிடந்த ஒரு ரூபாயை எடுத்தவர் குற்றவாளி இல்லை, ஆனால் உடையவர் யார் என்று தெரிந்திருந்தும், அல்லது தெரிந்துகொள்ள நியாயமான முயற்சி எடுக்காமலும், தனதாக்கிக்கொண்டவர் குற்றவாளி. இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதில் வேறு சட்டம் வந்துவிட்டது. இந்த நியாயம் அதிலும் தொடர்கிறது.

ஆக, கண்டெடுத்தவரிடம் சட்டம் கேட்கிற முதல் கேள்வி: இது யாருடையது என்று நீ விசாரித்தாயா?

பத்து ரூபாய்க் காசுக்கு இவ்வளவு விசாரணை. ஒரு மலைக்கு? அதற்கும் அந்தக் காலத்துச் சட்ட உலகில் ஒரு பதில் இருந்தது. அந்தப் பதில் முற்றிலும் எதிரானது. 1823-ல், சல்லிவனின் கல் பங்களா எழும்பிக்கொண்டிருந்த நாட்களில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜான்சன் எதிர் மக்கின்டாஷ் என்ற வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்புச் சொன்னார். ஐரோப்பிய நாடு ஒன்று ஒரு நிலத்தைக் கண்டுபிடித்தால் அதன் உரிமை அந்த நாட்டைச் சேரும். அங்கே முன்பே வாழ்ந்த பழங்குடியினர் குடியிருக்கலாம், தங்கள் விருப்பப்படி யாருக்கும் நிலத்தை விற்க முடியாது. ஆஸ்திரேலியாவில் இதைவிடக் கொடிது: யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்றே அந்தக் கண்டத்தைக் கணக்கில் எழுதினார்கள். மேர் தீவைச் சேர்ந்த எடி மாபோவும் அவருடைய கூட்டாளிகளும் வழக்காடி, 1992-ல்தான் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதைத் தவறு என்று தள்ளியது. தீர்ப்பைக் கேட்க மாபோ உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். பதினைந்தாம் நூற்றாண்டில் போப்பாண்டவர் ஆணைகளிலிருந்து வேர்விட்ட அந்தக் 'கண்டுபிடிப்புக் கோட்பாட்டை' வத்திக்கான் ஏற்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது 2023 மார்ச்சில்.

இப்போது அந்த வினைச்சொல்லின் எடை தெரிகிறது. காசை எடுத்தவர் அந்தச் சொல்லால் கடன்பட்டார். நிலத்தைப் பார்த்தவர் அதே சொல்லால் உடைமைக்காரர் ஆனார். முன்பே அங்கே யாராவது இருக்கிறார்களா என்ற கேள்வி முதல் வகையில் கட்டாயம். இரண்டாம் வகையில் அந்தக் கேள்வியையே அந்தச் சொல் விழுங்கிவிட்டது.

நீலகிரியில் இந்தக் கேள்வியைக் கேட்ட ஒருவர் இருந்தார். நான் இவ்வளவு நேரமும் யாருடைய பட்டத்தை மறுத்துக்கொண்டிருந்தேனோ அந்தச் சல்லிவன்தான். மலை நிலம் தொதவருக்கு உரியது, அரசு எடுத்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். ஆளுநர் லஷிங்டன் ஏற்கவில்லை. நிலம் அரசுடையது என்பது அவர் கட்சி. வழக்கு லண்டன் வரை போனது. 1843-ல் கம்பெனி இயக்குநர்கள் முடிவு சொன்னார்கள்: தொதவருக்கு நில உடைமை இல்லை, நெடுநாள் அனுபவத்தால் மாடு மேய்க்கும் உரிமை மட்டும் உண்டு, அதற்கும் சிறு வரி, மந்துகளையும் புனித இடங்களையும் தொடக்கூடாது. சல்லிவன் தோற்றார். 'கண்டுபிடித்தவர்' என்று நாம் அவருக்குக் கொடுத்த பட்டம் அவருடைய நல்ல வாதத்துக்கே எதிரானது. நிலத்துக்கு ஏற்கெனவே உடையவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். நாமோ அவர் வரும்வரை அது யார் கண்ணிலும் படவில்லை என்பதுபோல எழுதுகிறோம். கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் அவர் நினைவில்லம் இருக்கிறது. மாணவர்கள் போய்ப் பார்க்க வேண்டும். அவரை ஊரைக் கட்டிய கலெக்டராக மட்டும் பார்க்காமல், அரசுக்குள் இருந்துகொண்டே அரசோடு வழக்காடியவராகவும் பார்க்க வேண்டும்.

அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. பிறகு வந்த காட்டுச் சட்டங்களின் கீழ் மேய்ச்சல் நிலங்கள் ஒதுக்கப்பட்ட காடுகளாயின. புல்வெளியில் சீகையும் தைலமரமும் நடப்பட்டன. 2006-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டத்தின் முழுப் பெயரைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் கவனித்திருப்பார்கள். உரிமையை 'வழங்கும்' சட்டம் என்று அது தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை, 'அங்கீகரிக்கும்' சட்டம் என்கிறது. அந்த மக்களுக்கு வரலாற்றில் அநீதி நடந்தது என்பதை முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. உரிமை முன்பே அங்கே இருந்தது, அரசு இப்போதுதான் பார்க்கிறது என்று பொருள். சட்டம் எழுதுகிறவர்கள் வினைச்சொல்லை மாற்றிவிட்டார்கள். பாடநூல் எழுதுகிறவர்கள் இன்னும் மாற்றவில்லை.

அப்படியானால் யாரையும் கண்டுபிடித்தவர் என்று சொல்லவே கூடாதா? அப்படி இல்லை. அந்தச் சொல் முழுத் தகுதியோடு பொருந்தும் இடங்கள் உண்டு. அதற்கும் இந்த மலையே சாட்சி.

மலையடிவாரம் காய்ச்சலுக்குப் பெயர் பெற்றிருந்தது. மேட்டுப்பாளையம், கல்லாறு பகுதியில் இரவு தங்க வெள்ளைக்காரர்கள் அஞ்சிய காலம் உண்டு. கெட்ட காற்றுதான் காய்ச்சல் தருகிறது என்பது அன்றைய நம்பிக்கை. மலேரியா என்ற பெயரே அந்தப் பொருளில் வந்தது. 1897-ல் ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ மருத்துவர் விடுப்பில் ஊட்டிக்கு வந்தார். விடுப்பில் ஓய்வெடுக்காமல் வடக்குச் சரிவில் சீகூர்ப் பக்கம் இறங்கிக் கொசுக்களைத் தேடினார். அவருக்கே மலேரியா வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாதில், காய்ச்சல்காரரின் இரத்தம் குடித்த கொசு ஒன்றை அறுத்து, அதன் வயிற்றுச் சுவரில் நோயின் கிருமியைப் பார்த்தார். அதற்கு முந்தைய நாள் வரை உலகத்தில் எந்த மனிதருக்கும் அது தெரியாது. மலையில் உள்ளவருக்கும் தெரியாது, சமவெளியில் உள்ளவருக்கும் தெரியாது, லண்டனிலும் தெரியாது. இதுதான் கண்டுபிடிப்பு. 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இங்கேயும் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டும். அந்தக் கொசுக்கள் குடித்தது ஹுசேன் கான் என்ற நோயாளியின் இரத்தம். கடிக்க விட்ட கொசு ஒன்றுக்கு ஓர் அணா அவருக்குக் கூலி. ராஸே அந்தப் பெயரை எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது. உண்மையாகவே புதிதாகக் கண்ட மனிதர், தனக்கு உதவியவர் பெயரையும் பதிவு செய்தார். வழி தெரிந்தவர்கள் கூட்டிப் போக மலைக்குப் போனவர்களின் குறிப்புகளில் கூட்டிப் போனவரின் பெயரைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் 'வழிகாட்டி' என்று மட்டும் இருக்கும்.

கொங்குநாட்டிலேயே இன்னோர் உதாரணம். அறச்சலூர்க் குகையை ஊரார் ஆண்டிப்பாறை என்று அழைத்து வந்திருக்கிறார்கள். அங்கே பழந்தமிழ் எழுத்தில் வெட்டியிருந்தவை தாள எழுத்துகள், அது ஓர் இசைக் கல்வெட்டு என்பதை உலகறியச் செய்தவர் ஈரோட்டுப் புலவர் செ. இராசு. குகை ஊராருடையது, படிப்பு புலவருடையது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் தடுமாற்றமில்லாமல் எழுத முடிகிறது, பாருங்கள். நமக்கு வேண்டிய வினைச்சொற்கள் தமிழில் இருக்கின்றன: ஏறினார், பார்த்தார், அளந்தார், எழுதினார், படித்தறிந்தார், கட்டினார். இவற்றுள் உரியதை உரிய இடத்தில் போட்டாலே பாதி வரலாறு நேராகிவிடும்.

விலங்கும் செடியும்கூட இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டவைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய விலங்கியலார் நீலகிரி வரையாட்டுக்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். சங்கப் புலவர்கள் அதை வருடை என்று பாடி முடித்து எத்தனையோ நூற்றாண்டு ஆகியிருந்தது. அறிவியல் பெயர் தேவைதான். உலகம் முழுக்க ஒரே பெயரால் பேச அது உதவுகிறது. பெயர் சூட்டியதைப் பெயர் சூட்டியது என்றே சொல்லலாம்.

முடிக்கும் முன் இந்த அறக்கட்டளையாரிடமும் இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களிடமும் இரண்டு விண்ணப்பம் வைக்கிறேன்.

முதலாவது எளியது. இந்த வட்டாரப் பள்ளிகளில் பொது அறிவுப் போட்டி நடத்தும்போது, 'ஊட்டியைக் கண்டுபிடித்தவர் யார்' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'உதகை நகரை உருவாக்கிய கோயமுத்தூர்க் கலெக்டர் யார்' என்று கேளுங்கள். விடை மாறாது. அதோடு, 'நீலமலையும் தொதவரும் குறிக்கப்படும் மிகப் பழைய கல்வெட்டு எங்கே இருக்கிறது' என்று ஒரு கேள்வியையும் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவதற்குப் பணமும் உழைப்பும் வேண்டும். சாலையும் ரயிலும் வருவதற்கு முன்பு மலைக்கு ஏறிய ஒற்றையடிப் பாதைகள் சிறுமுகைப் பக்கமும் கல்லாற்றுப் பக்கமும் டணாய்க்கன்கோட்டைப் பக்கமும் இருந்தன. அவற்றில் எத்தனையோ பாறைக்கும் ஓடைக்கும் வளைவுக்கும் இருளர், குறும்பர், படுகர் பேச்சில் பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் முதியவர்கள். இனிவரும் ஆண்டுகளில் இந்தச் சொற்பொழிவோடு கூட, ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து, தெரிந்தவர்களோடு நடந்து, ஒவ்வோர் இடத்தின் பெயரையும் அதன் கதையையும் ஒலிப்பதிவு செய்து, வரைபடத்தோடு சிறு நூலாக வெளியிடலாம். கூட நடக்கிற முதியவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும். பதிவு செய்ததில் ஒரு பிரதி அவர்கள் ஊரிலேயே இருக்க வேண்டும். அட்டையில் முதலில் அவர்கள் பெயர் வர வேண்டும். எழுதி எடுத்த மாணவர்கள் பெயர் அதற்கு அடுத்து வரட்டும். முதல் பாதையாகச் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் போவதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கல்லூரி மாணவர்கள் முன்வந்தால் நானும் உடன் நடக்கிறேன்.